ரசாயன ஆயுதத்திலிருந்து ஒரு நாடு எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது?

1915 ஏப்ரல் 22, மாலை ஐந்து மணி வாக்கில், பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை 5,700க்கும் மேற்பட்ட சிலிண்டர்களைத் திறந்துவிட்டது. வெளியே வந்தது சுமார் 168 டன் குளோரின். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் எழுந்த மேகம், காற்றைவிடக் கனமானது என்பதால், தரையோடு தரையாக ஊர்ந்து பிரெஞ்சுப் படையினரும் அல்ஜீரிய வீரர்களும் இருந்த பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. குண்டுக்குத் தப்ப ஒளிந்த குழியே அவர்களுக்கு எமனாகிப்போனது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். பல கிலோமீட்டர் நீளத்துக்குப் போர்முனை காலியானது. அந்த இடைவெளிக்குள் புகுந்து முன்னேற ஜெர்மனியிடம் போதிய படை தயாராக இல்லை. ஆயுதம் இவ்வளவு வேலை செய்யும் என்று அதை ஏவியவர்களே எதிர்பார்க்கவில்லை.

பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். அடுத்து நடந்ததுதான் முக்கியம். சில நாட்களிலேயே ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொண்டு தாக்குப்பிடிக்க வீரர்கள் கற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே கரி வடிகட்டி பொருத்திய நல்ல முகமூடி வந்துவிட்டது. 1915 முடிவதற்குள்ளேயே பாஸ்ஜீன் வந்துவிட்டது, 1917இல் கடுகு வாயு வந்தது. பாதுகாப்பும் பின்னாலேயே துரத்திக்கொண்டு போனது. முதல் உலகப் போரில் நச்சுவாயுவால் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர், பாதிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்தப் போரில் இறந்த வீரர்கள் ஏறத்தாழ 90 லட்சம். அதாவது இறந்த நூறு பேரில் ஒருவர் வாயுவால் இறந்தார். இன்னொரு விஷயம்: வாயுவால் இறந்த அந்த 90,000 பேரில் பாதிக்கும் மேல் ரஷ்ய வீரர்கள் என்றே கணக்கிடப்படுகிறது. ரஷ்யப் படைக்கு நல்ல முகமூடி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். ரசாயன ஆயுதம் தயாராக இல்லாதவர்களைத்தான் அதிகம் கொல்கிறது. முகமூடியும் பயிற்சியும் உள்ள படைக்கு முன்னால் அதன் வலு பெருமளவு குறைந்துவிடுகிறது. அதே ஆயுதம் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஊரின் மீது விழுந்தால் பேரழிவு. 1988 மார்ச் 16 அன்று ஈராக்கின் ஹலப்ஜா நகரத்து குர்து மக்கள் மீது சதாம் உசேனின் விமானங்கள் வீசியபோது, சுமார் 5,000 பேர் செத்தார்கள். அவர்கள் கையில் எந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை. ஆகவே ஒரு நாட்டின் ரசாயனப் பாதுகாப்புக் கொள்கை என்றால், "எதிரி இதைப் பயன்படுத்தினாலும் அவனுக்கு ஒன்றும் கிடைக்காது" என்ற நிலையை உண்டாக்குவதுதான் அதன் மையம். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வருகின்றன.

எதை ரசாயன ஆயுதம் என்கிறோம்?

வகைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். குளோரினும் பாஸ்ஜீனும் நுரையீரலைத் தாக்கி, அதற்குள் நீர் கோக்க வைக்கின்றன. கடுகு வாயு தோலையும் கண்ணையும் மூச்சுக்குழாயையும் பொசுக்குகிறது. பட்டவுடன் வலிக்காது, பல மணி நேரம் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும். அதற்கு மாற்று மருந்து இன்றுவரை கிடையாது. சயனைடு வகைகள் உடலின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடுகின்றன. இவை எல்லாவற்றையும்விடக் கொடியவை நரம்பு நச்சுகள். 1936இல் ஜெர்மனியில் பூச்சிக்கொல்லி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் தற்செயலாகக் கண்டுபிடித்த டாபுன் அதில் முதலாவது. பிறகு சாரின், சோமன், விஎக்ஸ், சோவியத் ஒன்றியத்தில் உருவான நோவிசோக் என்று பட்டியல் நீண்டது.

நரம்பு நச்சு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சிகிச்சையும் அதிலிருந்துதான் வருகிறது. நரம்பு ஒரு தசைக்குக் கட்டளை கொடுக்கும்போது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. கட்டளை போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது. நரம்பு நச்சு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. கட்டளை நிற்பதே இல்லை. கண்ணின் பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்குகிறது, கண்ணீர், எச்சில், சளி எல்லாம் கட்டுக்கடங்காமல் வழிகின்றன, தசைகள் துடிக்கின்றன, கடைசியில் மூச்சு இழுக்கும் தசை ஓய்ந்துபோகிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தை உட்கொண்டவர்களிடம் மருத்துவர்கள் பார்ப்பதும் இதே அறிகுறிகளைத்தான். இரண்டும் ஒரே குடும்பம். அதனால் சிகிச்சையும் ஒன்றுதான்: அட்ரோபின் ஊசி, முடங்கிய நொதியை மீட்கப் பிராலிடாக்சிம், மூச்சு ஓடுவதற்கு வென்டிலேட்டர். நேரம் மட்டும் மிகக் குறைவு. படைவீரர்கள் தொடையில் தாங்களே குத்திக்கொள்ளும் தானியங்கி ஊசியைச் சுமந்து திரிவது அதனால்தான்.

சரி, குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரின் ஆயுதமா? இதற்குச் சர்வதேசச் சட்டம் சொல்லும் பதில் தெளிவானது: நோக்கம்தான் அளவுகோல். ஒரு நச்சுப்பொருளைக் கொல்லவோ முடக்கவோ பயன்படுத்தினால், அதற்காகச் சேர்த்து வைத்தால், அது எந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் ரசாயன ஆயுதம். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் குளோரின் ஆயுதமில்லை. 2018 ஏப்ரல் 7 அன்று சிரியாவின் டூமா நகரில் ஹெலிகாப்டரிலிருந்து குடியிருப்புக் கட்டடங்கள் மீது விழுந்த குளோரின் சிலிண்டர்கள் ஆயுதம். அந்தத் தாக்குதலில் 43 பேர் இறந்ததாகவும், வீசியது சிரிய விமானப்படை என்றும் சர்வதேச விசாரணைக் குழு 2023இல் முடிவு செய்தது. இப்படி வரையறுத்தது புத்திசாலித்தனமான வேலை. பட்டியலை மட்டும் நம்பியிருந்தால், பட்டியலில் இல்லாத புதுப் பொருளைத் தயாரித்துச் சட்டத்தை ஏமாற்றிவிடலாம்.

முகமூடி மட்டும் போதுமா?

நச்சுவாயு முகமூடியின் வடிகட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் பதப்படுத்திய கரி. கரித்துகளில் உள்ள எண்ணற்ற நுண்துளைகள் நச்சு மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆனால் முகமூடியின் உயிர் வடிகட்டியில் மட்டும் இல்லை, விளிம்பிலும் இருக்கிறது. ரப்பர் விளிம்பு தோலோடு இறுக ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. கண்ணாடி அணிந்தால் அதன் காம்பு இடைவெளி உண்டாக்கும். குழந்தையின் முகத்துக்குப் பெரியவரின் முகமூடி பொருந்தாது. கடுகு வாயுவும் விஎக்ஸும் தோல் வழியாகவும் ஏறும் என்பதால், முழு உடலுக்கும் கரி கலந்த உடை வேண்டும், கையுறை வேண்டும், காலுறை வேண்டும். வெயிலில் அந்த உடைக்குள் இருக்கும் வீரர் சீக்கிரமே களைத்துப்போகிறார். கை வேலை மெதுவாகிறது, பேச்சு கேட்பதில்லை, தண்ணீர் குடிப்பதுகூடச் சிரமம். இதை எதிரியும் அறிவான். ஆகவே, வாயுவே வீசாமல், வீசப்போவதாகப் பயமுறுத்தி எதிர்ப்படையை அந்த உடைக்குள் தள்ளினாலே அவனுக்கு ஆதாயம்தான். நல்ல பாதுகாப்புக் கொள்கை இந்தச் செலவையும் கணக்கில் வைக்கும்: எப்போது உடுத்த வேண்டும், எப்போது கழற்றலாம் என்று துல்லியமாகச் சொல்லும் கண்டறியும் கருவிகள் முகமூடிக்கு இணையாக முக்கியம்.

பொதுமக்களுக்கு முகமூடி கொடுப்பது இன்னும் சிக்கல். 1938 செப்டம்பரில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லர் கேட்டதால் போர் மூளும் நிலை வந்த மியூனிக் நெருக்கடி சமயத்தில், பிரிட்டன் கிட்டத்தட்ட 3.8 கோடி முகமூடிகளை மக்களுக்கு விநியோகித்தது. கைக்குழந்தைகளுக்கெனத் தனி வடிவம்கூட இருந்தது. கடைசிவரை ஜெர்மனி பிரிட்டன் மீது நச்சுவாயுவை வீசவே இல்லை. அப்படியானால் அந்தச் செலவு வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. எதிரி வீசாததற்குப் பல காரணங்கள் உண்டு, ஆனால் வீசினால் பலன் குறைவு என்பது அவற்றில் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

1991 வளைகுடாப் போரின்போது இஸ்ரேலிலும் எல்லோர் கையிலும் முகமூடி இருந்தது. ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகளில் வந்தது வழக்கமான வெடிமருந்துதான். ஆனால் சைரன் ஒலித்த பதற்றத்தில், வடிகட்டியின் மூடியைக் கழற்றாமலே முகமூடியை மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, பழக்கிக் கொடுக்காமல் விட்டால் பாதுகாப்பே உயிரை எடுக்கும். இன்னொரு குழப்பமும் அப்போது வெளிப்பட்டது. குண்டுக்குப் பாதுகாப்பு நிலவறை. நச்சுவாயுவோ கனமானது, கீழே தேங்கும். அதற்குப் பாதுகாப்பு ஜன்னல் இடுக்குகளை ஒட்டி அடைத்த மேல்தள அறை. வருவது எது என்று தெரியாதபோது மக்களை எங்கே போகச் சொல்வது? அன்று இஸ்ரேல் அடைத்த அறையைத் தேர்ந்தெடுத்தது. இப்படி ஒரு முடிவை, சைரன் ஒலிப்பதற்குப் பல மாதம் முன்பே, அமைதியான நேரத்தில் யோசித்து எடுத்துவைப்பதற்குப் பெயர்தான் கொள்கை.

தோக்கியோ, ஒரு திங்கட்கிழமை காலை

என்னைக் கேட்டால், ரசாயனத் தாக்குதல் பற்றிப் படிக்க விரும்பும் எவரும் முதலில் படிக்க வேண்டியது போர்க்களங்களை அல்ல, ஒரு மருத்துவமனையை. 1995 மார்ச் 20, காலை நெரிசல் நேரம். ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழுவின் ஆட்கள் தோக்கியோ சுரங்க ரயிலின் மூன்று பாதைகளில் ஐந்து வண்டிகளுக்குள் சாரினை விட்டார்கள். அரசு அலுவலகங்கள் நிறைந்த கசுமிகசெகி நிலையத்தில் சந்திக்கும் பாதைகள் அவை. சற்று நேரத்தில் செயின்ட் லூக் மருத்துவமனையின் வாசலில் ஆட்கள் வந்து குவியத் தொடங்கினார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் கொஞ்சம்தான். நடந்தும், டாக்சியிலும், வழியில் போன வண்டிகளை நிறுத்தி ஏறியும் வந்தவர்களே அதிகம். அன்று ஒரே நாளில் அங்கு 640 பேருக்குச் சிகிச்சை நடந்தது. வார்டுகள் போதாமல் மருத்துவமனையின் சிற்றாலயத்திலும் நோயாளிகளைக் கிடத்தினார்கள்.

என்ன விஷம் என்று யாருக்கும் தெரியாது. பாவை சுருங்கியிருப்பதைப் பார்த்துப் பூச்சிமருந்து வகை என்று மருத்துவர்கள் ஊகித்தார்கள். முந்தைய ஆண்டு ஜூனில் மட்சுமோட்டோ நகரில் இதே குழு சாரின் பரப்பியபோது சிகிச்சை அளித்த மருத்துவர் ஒருவர், தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு, தோக்கியோ மருத்துவமனைகளைத் தானே தொடர்புகொண்டு இது சாரினாக இருக்கலாம் என்று சொன்னார். காவல்துறை சாரின் என்று அறிவித்தபோது தாக்குதல் நடந்து சுமார் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. வந்தவர்களின் உடையை யாரும் களையவில்லை, உடம்பைக் கழுவவில்லை. உடையில் ஊறியிருந்த சாரின் அறைக்குள் ஆவியாகி, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் கண் மங்கத் தொடங்கியது. அந்த மருத்துவமனை ஊழியர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் பாதிப்பு தெரிந்ததாகப் பின்னர் பதிவு செய்தார்கள்.

தாக்குதலில் 13 பேர் இறந்தார்கள். கால் நூற்றாண்டு படுக்கையிலேயே கிடந்த ஒரு பெண் 2020இல் காலமானபோது அந்த எண்ணிக்கை 14 ஆனது. மருத்துவமனைகளை நாடியவர்கள் 5,000க்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லேசான பாதிப்பு, அல்லது பாதிப்பே இல்லை, பயந்து வந்தவர்கள். அந்தப் பயத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. உண்மையிலேயே மூச்சு நின்றுகொண்டிருக்கும் ஒருவரை, நூறு பேர் கொண்ட கூட்டத்துக்குள்ளிருந்து பிரித்து எடுப்பதுதான் அங்கே மருத்துவரின் முதல் வேலையாகிவிடுகிறது.

உலகெங்கும் உள்நாட்டுப் பாதுகாப்புத் திட்டங்களை மாற்றி எழுத வைத்த நாள் அது. இன்று பல நாடுகளின் திட்டங்களில் இருக்கும் வரிசையைப் பார்த்தாலே தெரியும்: மருத்துவமனை வாசலுக்கு வெளியிலேயே உடை களையும் இடம், குளிக்க வைக்கும் ஏற்பாடு, ஊழியர்களுக்குப் பாதுகாப்பு உடை, அட்ரோபின் இருப்பு, மருத்துவமனைகளுக்கிடையே நேரடித் தொடர்பு. மேல் உடையைக் களைந்தாலே உடலில் ஒட்டிய நச்சில் பெரும்பகுதி போய்விடும் என்பது அவசர உதவிப் பயிற்சிகளில் முதலில் சொல்லித்தரும் பாடம். மிச்சத்துக்குச் சோப்பும் நிறையத் தண்ணீரும். அருகில் இருப்பவர் செய்ய வேண்டியதும் எளிமையானதுதான்: காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போவது, பள்ளமான இடங்களைத் தவிர்ப்பது, வெளியேற முடியாவிட்டால் உள்ளே போய்க் கதவு, ஜன்னல், குளிர்சாதனம் எல்லாவற்றையும் மூடுவது. இவற்றில் விலை உயர்ந்தது எதுவும் இல்லை. பழக்கம் இல்லாவிட்டால்தான் எதுவும் நடக்காது.

தடை எப்படி வந்தது?

ஈப்ர தாக்குதலே ஒரு தடையை மீறியதுதான். 1899இலும் 1907இலும் ஹேக் நகரில் நச்சு ஆயுதத்துக்கு எதிராக நாடுகள் கையெழுத்திட்டிருந்தன. போருக்குப் பின் 1925இல் ஜெனீவா நெறிமுறை வந்தது. அதில் ஒரு பெரிய ஓட்டை. பயன்படுத்தக் கூடாது என்றது. தயாரிக்கவோ வைத்துக்கொள்ளவோ தடை சொல்லவில்லை. "எங்கள் மீது வீசினால் நாங்களும் வீசுவோம்" என்று பல நாடுகள் நிபந்தனை போட்டுக்கொண்டன. பத்தே ஆண்டுகளில் இத்தாலி எத்தியோப்பியா மீது கடுகு வாயுவைப் பொழிந்தது. ஜப்பான் சீனாவில் பயன்படுத்தியது. இரண்டு பேருமே, பதிலுக்கு வீச வழியில்லாதவர்கள் மீதுதான் வீசினார்கள்.

முழுமையான தடை வர 1993 ஆக வேண்டியிருந்தது. ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கை அந்த ஆண்டு ஜனவரியில் பாரிஸில் கையெழுத்துக்கு வந்து, 1997 ஏப்ரல் 29 முதல் அமலானது. தயாரிக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, இருப்பதை அழிக்க வேண்டும், அழித்ததைச் சர்வதேச ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். 193 நாடுகள் இதில் உறுப்பினர்கள். இஸ்ரேல் கையெழுத்திட்டது, உறுதிப்படுத்தவில்லை. எகிப்து, வட கொரியா, தெற்கு சூடான் மூன்றும் வெளியே நிற்கின்றன.

எட்டு நாடுகள் தங்களிடம் இருப்பதை ஒப்புக்கொண்டு அறிவித்தன. மொத்தம் 72,000 டன்னுக்கும் மேல்; அதில் ரஷ்யாவிடம் மட்டும் சுமார் 40,000 டன், அமெரிக்காவிடம் 28,000 டன்னை ஒட்டி. இந்தியாவும் 1,044 டன் கடுகு வாயு இருப்பதை அறிவித்து, 2009இல் முழுவதையும் அழித்து முடித்தது. ரஷ்யா 2017இல் முடித்தது. அமெரிக்கா 2023 ஜூலை 7 அன்று கென்டக்கியில் கடைசி ராக்கெட்டை அழித்தது. உலகம் அறிவித்த இருப்பு அத்தனையும் அழிந்த நாள் அது. செய்தித்தாள்களில் பெரிதாக வராமல் போனது எனக்கு இன்றும் வருத்தம். ஒரு முழு ஆயுத வகையை, அறிவித்த கடைசி டன் வரை, சர்வதேசக் கண்காணிப்பில் அழிப்பது சாதாரணக் காரியமில்லை. அழிப்பதும் லேசான வேலை இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பல நாடுகள் மிச்ச ஆயுதங்களைக் கடலில் கொட்டின. பால்டிக் கடலில் மீனவர் வலையில் உறைந்த கடுகு வாயுக் கட்டிகள் பல ஆண்டுகளுக்குச் சிக்கிக்கொண்டே இருந்தன.

உடன்படிக்கையைச் செயல்படுத்துவது ஹேக்கில் உள்ள ரசாயன ஆயுதத் தடை அமைப்பு. 2013இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது அதுதான். அதன் ஆய்வாளர்கள் ராணுவக் கிடங்குகளுக்கு மட்டுமல்ல, சாதாரண ரசாயன ஆலைகளுக்கும் போகிறார்கள். காரணம் எளிது. பால்பாயிண்ட் பேனா மையில் சேரும் ஒரு கரைப்பான் கடுகு வாயுவுக்கும் மூலப்பொருளாகும். அதனால் பொருள்களை மூன்று அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறார்கள்: ஆயுதத்தைத் தவிர வேறு பயன் அரிதாக உள்ளவை, ஓரளவு தொழில் பயன் உள்ளவை, பெருமளவில் தொழிலில் ஓடுபவை. உறுப்பு நாடு ஒவ்வொன்றும் உள்நாட்டுச் சட்டம் இயற்றி, ஒரு தேசிய ஆணையம் அமைத்து, ஆலைகளிடம் கணக்கு வாங்கி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். பீரங்கியும் ஏவுகணையும் போல இது கண்ணில் படாது. ஆனால் தேசப் பாதுகாப்பில் பாதி வேலை, ஒரு அலுவலகத்தில் யாரோ ஒருவர் கொள்முதல் கணக்கைச் சரிபார்ப்பதில்தான் நடக்கிறது. ஈராக் தன் ஆயுதங்களுக்கான மூலப்பொருள்களை 1980களில் வெளிநாட்டு நிறுவனங்களிடம் சட்டப்படி வாங்கிக் குவித்தது தெரியவந்த பிறகுதான், ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 1985இல் ஆஸ்திரேலியா குழு என்ற நாடுகளின் கூட்டு உருவானது. இந்தியா அதில் 2018இல் சேர்ந்தது.

பதிலடி என்ற கேள்வி

எதிரி வீசினால் என்ன செய்வது? முன்பெல்லாம் பதில் நேரடியானது: அதே ஆயுதத்தால் திருப்பி அடிப்பது. இரண்டாம் உலகப் போரில் சர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் இதை வெளிப்படையாகவே எச்சரித்தார்கள். அப்படிப் பதிலடிக்காகச் சேர்த்துவைப்பதில் உள்ள ஆபத்தை இத்தாலியின் பாரி துறைமுகம் காட்டியது. 1943 டிசம்பர் 2 இரவு ஜெர்மானிய விமானங்கள் அங்கே குண்டு வீசின. நின்றிருந்த கப்பல்களில் ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில், பதிலடிக்கென்று ரகசியமாகக் கொண்டுவந்த கடுகு வாயுக் குண்டுகள் இருந்தன. கப்பல் சிதறி, எண்ணெய் படர்ந்த தண்ணீரில் நச்சு கலந்தது. மீட்கப்பட்ட மாலுமிகளுக்கு வெறும் குளிர்தான் என்று நினைத்து, நனைந்த உடையோடு போர்வை போர்த்தி உட்கார வைத்தார்கள். சரக்கு என்ன என்பதை மருத்துவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த 600க்கும் மேற்பட்ட ராணுவ, கப்பல் பணியாளர்களில் 83 பேர் இறந்தார்கள். ஊர் மக்களில் எத்தனை பேர் என்ற சரியான கணக்கு எடுக்கப்படவே இல்லை.

இன்று உடன்படிக்கை உறுப்பினர் எவரும் அதே ஆயுதத்தால் பதிலடி கொடுக்க முடியாது. அதனால் கொள்கை வேறு வழிகளில் போகிறது. 1991 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர், ரசாயன ஆயுதத்தைத் தொட்டால் மிகக் கடும் விளைவு வரும் என்று ஈராக் வெளியுறவு அமைச்சர் தாரிக் அசீஸிடம் நேரில் எச்சரித்தார். எந்த ஆயுதத்தால் என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் உத்தி. இந்தியா 2003இல் வெளியிட்ட அணு ஆயுதக் கோட்பாடு முதலில் பயன்படுத்துவதில்லை என்று சொன்னாலும், பெரிய அளவில் ரசாயன அல்லது உயிரியல் தாக்குதல் நடந்தால் அணு ஆயுதத்தால் பதில் தரும் உரிமையை வைத்துக்கொண்டது. இந்த வகை எச்சரிக்கை நம்பும்படி இருக்குமா என்பது வல்லுநர்களிடையே ஓயாத விவாதம். ஒரு சிறிய தாக்குதலுக்கு அணுகுண்டு என்றால் எதிரி நம்பமாட்டான். நம்பாத எச்சரிக்கை அவனைத் தடுக்காது.

2012 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஒபாமா, சிரியா ரசாயன ஆயுதத்தைப் பயன்படுத்தினால் அது சிவப்புக் கோட்டைத் தாண்டுவதாகும் என்றார். சரியாக ஓராண்டு கழித்து, 2013 ஆகஸ்ட் 21 அன்று, டமாஸ்கஸை ஒட்டிய கூட்டாவில் சாரின் ஏந்திய ராக்கெட்டுகள் விழுந்து நூற்றுக்கணக்கான மக்கள் செத்தார்கள். அமெரிக்கா சிரியாவைத் தாக்கவில்லை, பதிலாக அமெரிக்காவும் ரஷ்யாவும் பேசி, சிரியாவை உடன்படிக்கையில் சேர வைத்தன. சுமார் 1,300 டன் வெளியே கொண்டுவரப்பட்டு, அவற்றில் மிக ஆபத்தானவை நடுக்கடலில் ஒரு கப்பலிலேயே செயலிழக்கச் செய்யப்பட்டன. வெற்றியா தோல்வியா? என் பார்வையில் இரண்டும். 1,300 டன் போனது உண்மையான வெற்றி. ஆனால் சிரியா எல்லாவற்றையும் அறிவிக்கவில்லை என்பது 2017 ஏப்ரலில் கான் ஷேக்கூனில் மறுபடி சாரின் விழுந்தபோது அம்பலமானது. அப்போது அமெரிக்கா 59 ஏவுகணைகளை ஒரு விமானத்தளத்தின் மீது ஏவியது. அடுத்த ஆண்டே டூமா. எச்சரிக்கையை மட்டும் நம்பிய கொள்கை எங்கே நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

யார் செய்தார்கள் என்று நிறுவுவது இதனால்தான் கொள்கையின் ஒரு தூணாகிவிட்டது. 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் முன்னாள் ரஷ்ய உளவாளி செர்கெய் ஸ்கிரிபாலின் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் நோவிசோக் பூசப்பட்டபோது, பிரிட்டனின் சொந்த ஆய்வகம் கண்டுபிடித்ததை ஹேக் அமைப்பு தனியே மாதிரி எடுத்து உறுதிசெய்தது. அந்த ஆண்டு ஜூனில் உறுப்பு நாடுகள் கூடி, குற்றவாளியைப் பெயர் சொல்லி அடையாளம் காணும் அதிகாரத்தை அமைப்புக்குக் கொடுத்தன. அதுவரை "பயன்படுத்தப்பட்டது" என்று மட்டுமே அது சொல்ல முடியும். நோவிசோக் வகைகள் 2019இல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன.

சட்டம் இன்னும் முழுதாக எட்டாத ஒரு மூலை உண்டு. கண்ணீர்ப்புகையைப் போரில் பயன்படுத்தத் தடை, காவல்துறைக்கு அனுமதி. விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் காரணம் இருக்கிறது: போர்முனையில் புகையைப் பார்த்த வீரருக்கு அது கண்ணீர்ப்புகையா சாரினா என்று தெரியாது, அந்தக் குழப்பத்தில் போர் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. உக்ரைன் போர்முனையில் எடுத்த மாதிரிகளில் கண்ணீர்ப்புகைப் பொருள் இருந்ததை ஹேக் அமைப்பு 2024 நவம்பரில் உறுதிப்படுத்தியது.

இதைவிடக் கடினமானது மயக்கப் பொருள்கள். 2002 அக்டோபரில் மாஸ்கோவில் ஒரு நாடக அரங்கில் நூற்றுக்கணக்கானோர் பிணைக்கைதிகளாகச் சிக்கியபோது, ரஷ்யப் படை ஃபென்டனில் வகை மயக்கப் பொருளைக் காற்றோட்டக் குழாய் வழியாக உள்ளே செலுத்தியது. பிணைக்கைதிகளில் 120க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் அந்தப் பொருளால். இங்கேயும் வாசலில் நின்ற மருத்துவர்களுக்கு என்ன பொருள் என்று சொல்லப்படவில்லை. ஃபென்டனில் சேர்ந்த ஓபியாய்டு (அபின் போலச் செயல்படும்) வகைக்கு மாற்று மருந்து உண்டு என்பது தெரிந்தும், எவ்வளவு, எத்தனை பேருக்கு என்று யாரும் தயாராகியிருக்கவில்லை. 19 ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில்தான், இப்படிப்பட்ட நரம்பு மண்டலப் பொருள்களைக் காற்றில் பரப்புவது சட்ட ஒழுங்கு நோக்கத்துக்கும் பொருந்தாது என்று உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. அதுவும் ஒருமனதாக இல்லை, வாக்கெடுப்பில். எதிர்த்து வாக்களித்த நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று.